பச்சை பல்பும் தக்காளி நாற்றும்

அந்த அக்காவிடம் எதைக் கொடுத்தாலும் பாதி திரும்பி வந்துவிடும். ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால் பாதியைத் தன் சட்டியில் ஊற்றிக்கொண்டு மீதியோடு கிண்ணத்தை நீட்டுவாள். பொங்கலுக்கு இரண்டு கரும்பு கொடுத்தால் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் ஓர் ஆள்கூட இல்லாவிட்டாலும் ஓரத்தில்தான் உட்காருவாள், வராத மூன்று பேருக்கு இடம் விட்டு. கேட்டால் ஒரே பதில்தான். "போதுங்க."

எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதினவன் எங்கள் பின்சந்தில் நாலு நாள் குடியிருந்து இவளைப் பார்த்திருந்தால் தானே போய்ச் சுண்ணாம்பு அடித்து அழித்திருப்பான்.

அறுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் பொம்மிடி ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். அவள் கணவர் அங்கேயே தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். எங்கள் குவாட்டர்சும் அவர்கள் லைன் வீடுகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு சந்து. அவள் ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேர். அவள் என்ன கொதிக்க வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும், நான் யாரைத் திட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். வயதில் என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் மூத்தவள். நான் அக்கா என்பேன். அவள் என்னை அம்மா என்பாள். பாயிண்ட்ஸ்மேன் பெண்டாட்டி கிளார்க் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒருமுறை அவளுக்குக் குளிர்க்காய்ச்சல். ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆறு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். இவள் ஒவ்வொரு மாத்திரையையும் அரிவாள்மணையில் வைத்துப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டாள். காய்ச்சலும் பாதி போய்ப் பாதி நின்றது. இருபது நாள் ஆயிற்று எழுந்து உட்கார. நான் ஜன்னல் வழியே கத்தினேன். அவள் ஒரு பொட்டலத்தைக் காட்டி, மிச்சம் இருக்கிறது, லைனில் யாருக்காவது வந்தால் ஆகும் என்றாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் வேறு என்ன செய்ய.

இப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பொருளில் மட்டும் பாதி போதாது. அது அவளுடைய நாற்பது சென்ட் நிலம். சித்தேரி மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில், அவள் அப்பா அவளுக்கென்று விட்டுப்போனது. கல் கட்டிய ஒரு கிணறு. பங்குனி வரைக்கும் தண்ணீர் நிற்கும், அப்புறம் தவளைகூட இருக்காது. வருஷக்கணக்காக அது சும்மாதான் கிடந்தது. கணவருக்கு ரிடையர்டு ஆக இரண்டு வருஷம் பாக்கி. மகளைக் கோலார் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. மகளோடு போய் இருக்கிற வழக்கம் அவர்களில் இல்லை.

"குவாட்டர்சு நம்முது இல்லீங்கம்மா. காலி பண்ணுன்னா மூட்டையத் தூக்கிக்கிட்டு எங்க போறது? அங்க ஒரு கொட்டாய் போட்டுக்கிட்டா போதுங்க," என்று ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அந்த நிலத்தின் மேல் இன்னொருவருக்கும் கண். அவள் கணவரின் அண்ணன் செங்கல் சூளை வைத்திருந்தார். அடிவாரத்து மண் பிசுபிசுப்பான நல்ல செம்மண். சும்மா கிடக்கிற நிலம்தானே, மண் எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் கேட்டார். சூளைக்கு மண் எடுத்த நிலம் என்றால் தெரியும்தானே, இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். அதில் கொட்டாயும் போட முடியாது, கொத்தமல்லியும் போட முடியாது. கணவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அண்ணன் சொன்னால் இல்லை என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆயுசு முழுக்க அடுத்தவன் காட்டுகிற கொடிக்கு நெம்புகோலை இழுத்த மனுஷன்.

இவள் அழுதிருக்கிறாள். அந்த மனுஷனுக்கும் மனசு கேட்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். தை முடிவதற்குள் அவள் அந்த நிலத்தில் ஏதாவது வெள்ளாமை வைத்துக் காட்ட வேண்டும். வைத்தால் நிலம் அவளுடையது, அண்ணனிடம் அவரே வாயைத் திறந்து முடியாது என்று சொல்லிவிடுவார். வைக்காவிட்டால் மாசியில் மண் வெட்ட ஆள் இறங்கும்.

தக்காளி வைப்பதென்று முடிவு செய்தாள். தையில் நட்டால் கிணறு வற்றுவதற்குள் காய்த்துவிடும் என்று கணக்கு. கணக்கு சரிதான். நாற்றுக்கு எங்கே போவது? நிலத்திலேயே விதைக்கலாம் என்றால் ஆறு மைல், இரண்டு வேளையும் தண்ணீர் தெளிக்க யார் போவது? முளைத்ததை முயல் விடாது, மயில் விடாது. அதனால் கார்த்திகையில் குவாட்டர்ஸ் சந்திலேயே, மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி மண் நிரப்பி விதைத்தாள்.

எங்கள் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூப் லைன் பக்கத்திலேயே ஓடும். கூட்ஸ் வண்டி வழிக்காகக் காத்துக்கொண்டு மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். எஞ்சின் துப்புகிற கரித்தூளும் நெருப்புப் பொறியும் எங்கள் தலையில்தான். என் புடவைகளில் பொத்தல் விழாத புடவை ஒன்று கிடையாது. இரண்டு இலை விட்ட நாற்று இதைத் தாங்குமா? பாதி கருகிற்று, கருகாததை லைன் கோழிகள் பார்த்துக்கொண்டன. அக்கா டின்னைக் கழுவிவிட்டு கார்த்திகை முடிவதற்குள் மறுபடி விதைத்தாள். இந்தத் தடவை வீட்டுக்குள்ளே.

லைனே சிரித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள் என்றார்கள். இந்த ஊர் வெயிலில் கல்லே வெடிக்கிறது, இவள் அறைக்குள் உட்கார்ந்து செடிக்கு வெளிச்சம் தேடுகிறாளே என்றார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் வேறு என்ன செய்திருக்கலாம் என்று சிரித்தவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

அவளுடையது ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. ஜன்னலில் வருவது சந்துக்குள் விழுந்து மிஞ்சிய வெளிச்சம். முதலில் சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் இலை மேல் மை பூசினாற்போலப் புகை. அடுத்து அறையில் இருந்த நாற்பது வாட்ஸ் பல்பை ஒயரோடு இழுத்து, டின்னுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டாள். நெருக்கத்தில் வைத்தால் நல்லது என்று நினைத்தாள். பாவம், இலை ஓரமெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு போயிற்று. மேலே தூக்கிக் கட்டினால் வெளிச்சம் போதவில்லை. அதோடு அந்த ஒரு பல்பில்தான் சமையல், சாப்பாடு, ஜெபம் எல்லாம். கரண்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று கணவரும் முனகினார். கருகியதைப் பிடுங்கிவிட்டு மூன்றாவது தடவையாக விதை போட்டாள். விதைப் பொட்டலத்தில் அதுதான் கடைசி.

அப்போதுதான் என்னிடம் வந்தாள்.

எங்கள் வீட்டில் ட்யூப் லைட் இருந்தது. அந்த ஸ்டேஷன் குவாட்டர்சில் முதல் ட்யூப் லைட். என் வீட்டுக்காரர் சேலத்திலிருந்து வாங்கி, உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் நான் அதை ஈரத்துணியால் துடைப்பேன். பார்க்க வருகிறவர்களுக்குப் பகலிலும் போட்டுக் காட்டுவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அக்கா வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அந்த வெள்ளை லைட்டுக்கு அடியில டின்ன வெச்சுக்கட்டுங்களா? நாள் பூராவும் வேண்டாங்க. பகல்ல பாதி நேரம் போட்டா போதுங்க."

பழகிய நாலு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதற்கு முன்பும் இல்லை, அந்த ஊரில் இருந்தவரை அதற்குப் பிறகும் இல்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதிவிடுகிறேன். மண் டின் வீட்டுக்குள் வந்தால் எறும்பு வரும் என்றேன். ஸ்டார்ட்டர் சீக்கிரம் போய்விடும், போனால் சேலத்துக்குத்தான் ஓட வேண்டும் என்றேன். இவர் சத்தம் போடுவார் என்றேன். அந்த மனுஷன் வாழ்க்கையில் சத்தமே போட்டதில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "அதுவும் சரிதாங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் வாசலில் கிடந்த செருப்பை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கடைத்தெருவிலிருந்து மூன்று ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கி வந்தாள். ஜீரோ என்றால் மீட்டரே ஓடாது என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தக் காலத்தில் எல்லாரும் அதை நம்பினோம். கடையில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம் இருந்திருக்கிறது. இவள் மூன்றையும் பச்சையாக வாங்கி வந்துவிட்டாள். ஏன் பச்சை என்று ஜன்னல் வழியே கேட்டேன்.

"செவப்புல வண்டியே நின்னு போவுதுங்க. செடி எப்படிங்க வளரும்? பச்சைன்னாத்தான் கெளம்பும்."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லைனில் இருந்த பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், கேட்கீப்பர் எல்லாருக்குமே நியாயமாகப் பட்டது. பொழுது விடிந்து பொழுது போனால் பச்சையையும் சிவப்பையும் நம்பிப் பிழைக்கிறவர்கள். பச்சைதான் சரி என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். பெரிய படிப்பெல்லாம் படித்த என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார்.

அதோடு விட்டாளா? அவர்கள் வேதக்காரர்கள். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு ஜீரோ பல்பு எப்போதும் எரியும். அந்தச் சிவப்பு நாற்றின் மேல் பட்டுவிடுமே என்று அதை அணைத்துவிட்டாள். கிறிஸ்மஸ் மாதத்தில் ஆண்டவர் இருட்டில் இருந்தார். ஒரு மாதந்தான், பொறுத்துக்கொள்வார் என்று சொல்லி, படத்தின் கீழே இருந்த மரப்பலகையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முளைத்தது. அதுதான் கொடுமை. முளைத்தது மட்டுமில்லை, ஒரே வாரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஓங்கி வந்துவிட்டது. சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கணவர் டூட்டி முடிந்து வந்ததும் கையால் அளந்து பார்த்தார். பச்சை விழுந்ததும் வண்டி கிளம்பிவிட்டது என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சிரித்தவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணனிடம் இந்தப் பொங்கலுக்கே சொல்லிவிடுகிறேன் என்று அந்த மனுஷன் தன் வாயாலேயே சொன்னார். நானும் போய்ப் பார்த்தேன். தண்டு நூல் மாதிரி வெளுத்திருந்தது. இலை உளுந்தளவு. நல்ல நாற்று இப்படி இருக்காதே என்று மனசில் பட்டது. வயலில் பிறந்தவள்தானே நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தனை பேர் சந்தோஷத்தில் நான் எதற்கு வாயை வைக்க என்று வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜன்னல் பக்கம். டின்னைத் திருப்பி வைத்தால் இரண்டு நாளில் மறுபடி அந்தப் பக்கமே திரும்பிக்கொள்ளும்.

"உங்க வூட்டையே பாக்குதுங்கம்மா," என்றாள்.

குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டத் தெரிந்தவளாக இருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றைக்கே மறந்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் என் ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிட்டேன். கொசு என்று இவரிடம் சொன்னேன்.

தை பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் நட்டுவிடுவதென்று தீர்மானம். கூட வருகிறீர்களா என்று கேட்டார்கள். போனேன். அக்கா டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மைலும் ஒரு கையால் பிடித்தபடி நடந்தாள். மாற்றிக்கொள்கிறேன் என்றால் கொடுக்கவில்லை. அவர் முதல் நாளே போய்ப் பாத்தி கட்டி வைத்திருந்தார். எத்தனை நேர்த்தியான பாத்தி. இழுத்த கயிறு மாதிரி நேராக, ஒவ்வொரு குழியிலும் கைப்பிடி எரு.

அவள் ஒவ்வொரு நாற்றாக எடுத்து வைத்தாள். நிற்காத தண்டுக்குச் சிறு குச்சி நட்டாள். அறுபதோ எழுபதோ இருக்கும். நட்டு முடிக்கும்போது வெயில் ஏறியிருந்தது. சூரியனையே பார்க்காமல் வளர்ந்தது அதெல்லாம். நாங்கள் புளிய மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்து வந்து பார்த்தால், ஒன்றுகூட நிற்கவில்லை. துவைத்துப் போட்ட நூல் மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

அக்கா குடத்தை எடுத்தாள். கிணற்றில் இறங்கிக் குடத்தில் மொண்டு வந்து ஒவ்வொன்றுக்கும் ஊற்றினாள். மறுபடி இறங்கினாள். மறுபடி ஊற்றினாள். அந்தப் படிகளில் அவள் எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று நான் எண்ணவில்லை. போதும் அக்கா என்று நான்தான் சொன்னேன். ஆயுசிலேயே முதல் தடவையாக அவளுக்கு அந்த வார்த்தை காதில் விழவில்லை.

"படுத்திருக்குதுங்க. பொழுது சாஞ்சா எந்திரிச்சிருங்க," என்றாள்.

பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கவில்லை. அவர் பாத்தி ஓரமாகவே போய் வந்துகொண்டிருந்தார். கடைசியில் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு, அண்ணனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்றார். அக்கா காலி டின்னை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, கிணற்றடியில் கழுவினாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சிவப்பு பல்பை மறுபடி போட்டுவிட்டாள். வேட்டி வழியாகவும் அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். மாசி பிறந்து, அங்கே மண் வெட்ட ஆள் இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாள், எனக்கு என்னவோ ஒரு பிடிவாதம் வந்தது. எப்படியும் பிழைத்திருக்காது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டும். ரசத்துக்குக் கரைத்த தக்காளியின் விதையைக் கொட்டாங்கச்சியில் மண் போட்டு விதைத்து, ட்யூப் லைட்டுக்கு அடியில், பரண் பலகை மேல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இவர் ஆபீஸ் போனதும் லைட்டைப் போடுவேன், வருவதற்குள் அணைப்பேன். முளைத்து இரண்டு வாரத்தில் என் விரல் உயரத்துக்கு வந்தது, அதற்கு மேல் ஓங்கவில்லை. தண்டு குட்டையாய்க் கெட்டியாய் இருந்தது. இலை கரும்பச்சை. ஊதினால்கூட அசையவில்லை. எறும்பு ஒன்றும் வரவில்லை. ஸ்டார்ட்டரும் போகவில்லை.

பிடுங்கி முன்வாசல் சாக்கடையில் போட்டேன். சந்தில் போட்டால் அவள் கண்ணில் பட்டுவிடும். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருஷம் எங்களுக்கு மாற்றல் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு டசன் வாழைப்பழம் கொடுத்தேன். ஆறைத் திருப்பிக் கொடுத்தாள்.

எழுபதுகளின் நடுவில் தர்மபுரியில் வீடு கட்டினோம். பின்னறை ஒன்று முடிந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அதிலேயே குடிவந்தோம். முன்பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் செங்கல் லாரி வந்தது. நாலு பெண்கள் மேலே உட்கார்ந்து வந்து, இறங்கிக் கல் இறக்கினார்கள். அதில் ஒருத்தி தண்ணீர் கேட்டு வந்தாள். தலையில் சும்மாடு, முகமெல்லாம் செந்தூள். அவள் என்னை அம்மா என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

அவர் ரிடையர்டு ஆன மறுவருஷமே போய்விட்டாராம். மச்சாண்டார், அதுதான் அவருடைய அண்ணன், சூளையிலேயே ஓரமாக ஒரு கொட்டாய் கொடுத்திருக்கிறாராம். அங்கேயே கல் அறுக்கிறாளாம், லாரி வந்தால் ஏற்றி இறக்கப் போகிறாளாம். குறை எதுவும் சொல்லவில்லை.

"இது எங்க மண்ணுங்கம்மா. நல்லா வேகும். பயப்படாம கட்டுங்க," என்று வாசலில் அடுக்கியிருந்த கல்லைக் காட்டினாள்.

சொம்பை நீட்டினேன். பாதி குடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பின்னறைக்கு இன்னும் ஜன்னல் வைக்காததால் பகலிலும் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"அதே லைட்டுங்களா?"

"அதேதான் அக்கா."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே லாரிக்காரன் கூப்பிட்டான். அவள் நகரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு இதுக்கு அடியில வெச்சிருந்தா பொழச்சிருக்குங்களா?"

அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த கொட்டாங்கச்சி என் கண்முன்னே வந்து நின்றது. அந்தக் கெட்டித் தண்டு, அந்தக் கரும்பச்சை இலை.

"பொழச்சிருக்காதுக்கா. இதுவும் வெறும் வெளிச்சந்தானே. அதெல்லாம் வெயில் இல்லாம வராது."

அவள் முகம் இளகிற்று. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டு நடந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"அப்படிங்களா. அது போதுங்கம்மா," என்றாள்.

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். நான் உள்ளேயே நின்றேன். எட்டெட்டுக் கல்லாக அவள் தலையில் வந்து இறங்குகிற சத்தம் மத்தியானம் வரைக்கும் கேட்டது. அவள் மனசு ஆறட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். முன்சுவரில் எங்கேயாவது பூச்சு உதிர்ந்தால் உள்ளே செங்கல் தெரியும். அன்றைக்கே ஆள் விட்டுப் பூசிவிடுவேன்.